பொருள்

செவ்வாய்க்கிழமைகளில் மட்டும்
பேர்ன் ஓவியக்கூடம் இரவாகும்வரை திறந்திருக்கும்.
வாபெர்னில் ஒன்பதாம் இலக்க டிராம் ஏறி வந்து
மேலங்கியைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டி
இந்தப் படத்தின் முன் நிற்கிறேன்.
நாக்கு இன்னும் என்னிடம் திரும்பவில்லை.
காலையிலிருந்து அது
வேறொருவரின் ‘நான்’ஐச்
சொல்லிக்கொண்டிருந்தது.

பெயரட்டை இரண்டு மொழியில்.
ஜெர்மனில், அசையாத உயிர்.
பிரெஞ்சில், செத்த இயற்கை.
ஒரே அட்டை, ஒரே ஆணி,
உயிரா பிணமா என்பதில் உடன்பாடில்லை.
என்னைக் கேட்டிருந்தால்
பொருள்கள் என்று சொல்லித் தப்பியிருப்பேன்.
வரைந்தவர் பெயர் தெரியாதாம்.

மண் சாடி ஒன்று.
ஈயத்தட்டு, அதன் விளிம்பில்
யாரோ கடித்ததுபோல் ஒரு நசிவு.
பாதி உரித்த வெங்காயம்.
மடித்தும் மடிக்காமலும் ஒரு துணி.
கத்தியின் பிடி மேசைக்கு வெளியே நீண்டிருக்கிறது,
யார் இடுப்பு பட்டாலும் விழும்.
முந்நூறு வருடமாக
யாரும் அந்தப் பக்கம் போகவில்லை.

கேள்வி நாற்பத்தேழு:
அவர்கள் வந்தபோது மேசையில் என்ன இருந்தது?
பதில்: ஒண்டுமில்லை. ஏதனங்கள்தான்.

கெஷிர் என்றேன் ஜெர்மனில்.
அந்தச் சொல்லில்
கழுவி அடுக்கிய வெள்ளைப் பீங்கான் மின்னும்.
ஏதனத்தின் அடியில் கரி இருக்கும்.
கரியைச் சேர்த்துச் சொல்ல எனக்கு உரிமையில்லை.
சொன்னதைச் சொல்.
கூட்டாதே, குறைக்காதே, விளக்காதே.

ஃப்ராவ் ட்ஸ்பிண்டனுக்குச் சளி.
கெட்டவரல்ல,
அவனுக்கும் ஒரு கைக்குட்டைத்தாள் நீட்டினார்.
பிறகு தட்டச்சினார்:
விவரங்கள் குறைவு.

இந்த ஓவியனை அந்த நாற்காலியில் உட்கார்த்தினால்
ஒரே மணிநேரத்தில் நம்பிவிடுவார்கள்.
வெங்காயத்தின் எத்தனையாவது தோல் என்றுகூடச் சொல்வான்.
சொல்ல முடியும் அவனால்,
அன்றைக்கு அவன் வீட்டிலிருந்து
யாரையும் இழுத்துப் போகவில்லை.
அண்ணனின் காலைப் பிடித்துக்கொண்டிருப்பவன்
தட்டையா பார்ப்பான்?

இப்படித்தான் முதலில் நினைத்தேன்.
பிறகு மேசையின் வலது ஓரத்தில்
ஓர் ஈர வட்டம் கண்ணில் பட்டது.
வைத்த ஏதோ இல்லை.
இப்போதுதான் எடுத்திருக்கிறார்கள்.
எடுத்தது யார், குடித்து முடித்தாரா,
கதவு எந்தப் பக்கம்,
ஒன்றும் இல்லை படத்தில்.
ஒருவேளை
அங்கே பார்க்க முடியாமல்தான்
இங்கே இவ்வளவு உற்றுப் பார்த்தானோ.

இடைவேளையில்
கோப்பி மெஷினுக்குப் பக்கத்தில் கேட்டான்:
‘அக்கா, ஒரு கோப்பைக்குக் காது உடைஞ்சிருந்தது.
இதையும் சொல்லவேணுமோ?’
வெளியே பேசக்கூடாதென்று விதி.
ஜன்னலைப் பார்த்தேன்.
ஜன்னலில் குர்ட்டன் குன்று இருந்தது,
வேறென்ன இருக்கும்.

பிற்பகல் பதினேழு பக்கத்தையும்
அவனுக்குத் தமிழில் திருப்பி வாசித்தேன்.
பக்கத்துக்கொரு கையெழுத்து.
நாற்பத்தேழில் அவன் நிமிர்ந்தான்.
நான் ஒரு மூச்சு விட்டிருக்கலாம்.
ஒரு தும்மல் போதும்,
அவன் வாய் திறந்திருப்பான்.
நாற்பத்தெட்டு என்றேன்.

‘இன்னும் பத்து நிமிடம்’ என்கிறார் காவலர்.
பெரிய சாவிக்கொத்து, சின்னக் குரல்.
இந்தச் சாடிக்குக் காது உண்டா என்று கேட்கிறேன்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்க்கிறார்.
பதினோரு வருடமாக இந்த அறைதானாம் அவருக்கு,
இதுவரை யாரும் கேட்டதில்லையாம்.
‘சுவர்ப் பக்கம் திரும்பியிருக்கலாம்.
அல்லது உடைந்திருக்கலாம்.’

சாடியின் நிழல் சுவரில் விழுந்திருக்கிறது,
அதில் தெரியுமோ என்று குனிகிறேன்.
பழுப்புக்குள் பழுப்பு.
இன்னும் கொஞ்சம் குனிகிறேன்.
தரையில் ஒட்டிய கோட்டைத் தாண்டிவிட்டேன் போல,
எங்கோ மேலே
ஒரு கருவி சிணுங்கத் தொடங்குகிறது.